காலில் நோகும் சிவப்புக் கட்டிகள்: எரித்தீமா நொடோசம் வந்தால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இரண்டு கணைக்கால்களின் முன்பக்கத்திலும் திடீரென்று நாலைந்து கட்டிகள். தொட்டால் சுடுகிறது. அழுத்தினால் உயிர் போகிறது. சேலைக்கரை பட்டாலே நோகிறது என்று சிலர் சொல்வார்கள். கொழும்பில் இப்படி ஒருவருக்கு வந்தால் வீட்டில் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: நுளம்புக் கடி, உடம்புச் சூடு, எங்கேயோ இடித்துக்கொண்டது. அப்புறம் பார்மசியில் கேட்டு வாங்கிய ஒரு அன்டிபயோட்டிக், அக்கம்பக்கத்தார் சொன்ன ஒரு எண்ணெய். மூன்று நாளில் குறையாவிட்டால் சந்தியில் உள்ள டிஸ்பென்சரி. அங்கே சின்னக் காகித உறையில் பெயர் எழுதாத குளிசைகள் தருவார்கள். அதில் ப்ரெட்னிசொலோன் என்கிற, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் மருந்து இருந்தால் கட்டிகள் மளமளவென்று வற்றிவிடும், எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். எரித்தீமா நொடோசத்தில் கட்டிகள் பெரும்பாலும் மருந்தில்லாமலே சில வாரங்களில் போய்விடும். சிகிச்சை தேவைப்படுவது அவற்றைக் கொண்டுவந்த காரணத்துக்கு. அந்தக் காரணம் தொண்டைக் கிருமியாக இருக்கலாம், சாப்பிடும் ஒரு குளிசையாக இருக்கலாம், குடல் நோயாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் கட்டியை மட்டும் அமுக்கினால், நெஞ்சுக்குள் இருக்கும் காசநோய்க்கு வழிவிட்டதாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முக்கியத்துவம்.

உள்ளே என்ன நடக்கிறது

தோலுக்குக் கீழே ஒரு கொழுப்புப் படை இருக்கிறது. தோடம்பழத்தில் சுளைகளைப் பிரிக்கும் மெல்லிய தோல் போல, இந்தக் கொழுப்பையும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கும் சுவர்கள் உண்டு. எரித்தீமா நொடோசத்தில் அழற்சி பிடிப்பது அந்தச் சுவர்களில். உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேறெங்கோ இருக்கும் ஒன்றுக்கு எதிராகக் கிளம்பி, அதன் வேகத்தைக் கால் கொழுப்பில் காட்டுகிறது.

ஆகவே கட்டிக்குள் சீழ் இல்லை. வெட்டினாலும் ஊசியால் குத்தினாலும் எதுவும் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, அதிலும் 20 முதல் 40 வயதுக்குள். ஆனால் சிறுவருக்கும் ஆண்களுக்கும் வராது என்றில்லை. எவ்வளவு தேடினாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பிடிபடாமலே போகும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. எல்லாச் சோதனையும் செய்தபின் "ஒன்றுமில்லை" என்று வைத்தியர் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று எண்ணத் தேவையில்லை. கெட்ட காரணங்கள் இல்லை என்பதுதான் அந்தப் பதிலின் பொருள்.

படி 1: பகல் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள், அப்புறம் தொட்டுப் பாருங்கள்

இணையத்தில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உள்ளவர்களுடையவை. அதில் கட்டி பளிச்சென்று சிவப்பாக இருக்கும். நமது தோலில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சிலருக்கு நிறமாற்றமே இல்லாமல் ஒரு மேடாக மட்டும் இருக்கும். சிவப்பு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும்: சூடு, கெட்டி, நோவு. ஒரு சென்ரிமீற்றரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் வரையில், சில நேரம் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஓரம் தெளிவாக இருக்காது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றாகச் சேர்ந்து பெரிய தடிப்பாகவும் மாறும்.

இடமும் முக்கியம். கணைக்காலின் முன்பக்கம், பெரும்பாலும் இரண்டு காலிலும். முழங்கால், கணுக்கால் அருகிலும் வரலாம். தொடையிலும் கையிலும் வருவது குறைவு. நாள் போகப் போக நிறம் மாறும்: சிவப்பு ஊதாவாகி, பிறகு அடிபட்ட கண்டல் போலப் பச்சையும் மஞ்சளுமாகி மங்கும். இப்படிக் கண்டல் போல நிறம் மாறுவது இந்த நோயின் நல்ல அடையாளம். புண்ணாகி உடைவதில்லை, வடு வைப்பதுமில்லை. உடைந்து நீர் வடிந்தால் இது வேறு ஏதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கட்டிகளோடு மெல்லிய காய்ச்சல், உடம்பு அலுப்பு, கணுக்கால், முழங்கால் மூட்டு நோவு, வீக்கம் சேர்ந்து வருவதும் வழக்கம். மூட்டு நோவு சிலருக்குக் கட்டிகளுக்கு முன்பே தொடங்கி, கட்டிகள் போன பின்பும் சில மாதங்கள் இருக்கும்.

தொலைபேசியில் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில். ஒரு கட்டியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டால் பரவுகிறதா என்பது மறுநாள் தெரிந்துவிடும். நிபுணரைப் பார்க்கும் நாளில் கட்டிகள் பாதி மங்கியிருக்கலாம், அப்போது இந்தப் படங்கள்தான் பேசும்.

இதோடு குழம்பக் கூடியவை சில இருக்கின்றன. செல்லுலைட்டிஸ் என்கிற தோல் தொற்று பெரும்பாலும் ஒரே காலில், ஒரே தொடர்ச்சியான சிவப்பாக, மணிக்கணக்கில் பரவும். அதற்கு அன்டிபயோட்டிக் உடனே வேண்டும். நாளத்தில் இரத்தக்கட்டி வந்தால் ஒரு கால் மட்டும் வீங்கும், நோவு கெண்டைச்சதையில் இருக்கும். கட்டிகள் கணைக்காலின் பின்பக்கத்தில் வந்து, உடைந்து, ஆறாமல் இழுத்தால் அது காசநோயோடு தொடர்புள்ள வேறொரு தோல் நோயாக இருக்கலாம்.

தொழுநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. இலங்கை 1995-லேயே தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்கிற அளவுக்குக் குறைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், மேல் மாகாணத்திலும்தான். தொழுநோயில் வரும் ஒருவகை எதிர்வினையின் பெயர் இதே பெயர்போல இருக்கும்: எரித்தீமா நொடோசம் லெப்ரோசம். அது வேறு நோய், வேறு சிகிச்சை. அதில் கட்டிகள் முகத்திலும் கையிலும் தொடையிலும் வரும், காய்ச்சல் கடுமையாக இருக்கும், நரம்புகள் தடித்து நோகும். உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த தேமல் இருக்கிறதா, கை கால் விரல்கள் மரத்துப் போகின்றனவா என்று பார்த்து, இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தொழுநோய் முழுதாகக் குணமாகும், மருந்தும் இலவசம்.

படி 2: காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், சளியில் இரத்தம் வந்தால், காய்ச்சலோடு நடுங்கிச் சிவப்பு வேகமாகப் பரவினால், மலத்தில் இரத்தம் போனால், கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நொந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. மற்றபடி இது அவசர நோய் அல்ல. இரண்டு மூன்று நாளில் ஒரு வைத்தியரைப் பார்த்தால் போதும்.

படி 3: மூன்று வாரம் பின்னுக்குப் போய் யோசியுங்கள்

என்னைக் கேட்டால், இந்த முழுப் பட்டியலிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். எந்தச் சோதனையையும்விட நோயாளியின் ஞாபகம் காரணத்தைச் சீக்கிரம் காட்டும். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்.

தொண்டை நோவு வந்ததா? ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்கிற தொண்டைக் கிருமி மிகவும் சாதாரணமான காரணம், சிறுவரில் குறிப்பாக. தொண்டை நோவு தீர்ந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் கால் கட்டி வரும். அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. வயிற்றோட்டம் வந்ததா? சில குடல் கிருமிகளும் இதைக் கொண்டுவரும். வயிற்றோட்டம் மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்து, எடையும் குறைந்தால் குரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோயை நினைக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவு உண்டா? வீட்டில், வேலையிடத்தில், போர்டிங்கில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இதைச் சொல்ல மனம் கூசும், தெரியும். ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கி வேலைக்குப் போகிற ஊர் இது. இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 8,000 காசநோயாளிகள் பதிவாவது வழக்கம், மாவட்டங்களில் கொழும்புக்குத்தான் முதலிடம். ஆகவே காசநோயாளி ஒருவருக்குப் பக்கத்தில் இருந்திருப்பது யாருடைய குற்றமும் இல்லை.

புதிதாக என்ன குளிசை சாப்பிட்டீர்கள்? கர்ப்பத்தடைக் குளிசை, சல்ஃபா வகை அன்டிபயோட்டிக், பெனிசிலின் வகை எல்லாம் பட்டியலில் உண்டு. இங்கே ஒரு சிக்கல்: தொண்டை நோவுக்கு அமொக்சிசிலின் சாப்பிட்டுப் பிறகு கட்டி வந்தால், காரணம் தொண்டையா குளிசையா? அதை வீட்டிலிருந்து முடிவெடுக்க முடியாது. எந்தத் திகதியில் எது தொடங்கியது என்று எழுதிக் கொடுத்தால் வைத்தியர் பிரித்துப் பார்ப்பார். நாட்டு மருந்து, சத்துத் தூள், ஒன்லைனில் வாங்கிய கப்ஸ்யூல் எல்லாமே குளிசைக் கணக்கில்தான்.

மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா? கர்ப்பமே ஒரு காரணமாகலாம், அதோடு எந்த மருந்து பாதுகாப்பு என்பதும் அதைப் பொறுத்தே மாறும். வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண் அடிக்கடி வருகிறதா என்பதையும் எழுதுங்கள். அது பெஹ்செட் என்கிற நோயின் அடையாளமாக இருக்கலாம். முன்பு இதே கட்டி வந்ததுண்டா என்பது கடைசிக் கேள்வி.

படி 4: வைத்தியரைப் பார்க்கும் வரை நோவைத் தணியுங்கள்

காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுப்பதுதான் பாதிச் சிகிச்சை. கதிரையில் இருந்துகொண்டு முன்னால் ஒரு முக்காலியில் காலை நீட்டுவது போதாது. படுத்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சை விட உயரமாக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் கடையில் நாள் முழுதும் நிற்பவருக்கும், காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும், லிஃப்ட் இல்லாத தொடர்மாடியில் நாலாம் மாடி ஏறுகிறவருக்கும் இது சொல்வதற்கு இலகு, செய்வது கடினம். முடிந்தால் மெடிக்கல் எடுத்து முதல் ஒரு வாரம் வீட்டில் இருங்கள். அந்த வாரத்தில் நின்றும் நடந்தும் கொண்டிருந்தால் நோவும் வீக்கமும் இழுத்துக்கொண்டே போகும்.

குளிர்ந்த ஈரத் துணியால் ஒத்தணம் கொடுக்கலாம். ஐஸ் என்றால் துணியில் சுற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். க்ரேப் பண்டேஜை விரலடியிலிருந்து மேலே முழங்காலுக்குக் கீழே வரை இதமாகச் சுற்றினால் நடக்கும்போது நோவு குறையும். கொழும்பு வெக்கையில் நாள் முழுதும் கட்டிக்கொண்டிருக்க முடியாதுதான், படுக்கும்போது கழற்றிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இறுக்கிக் கட்டக் கூடாது.

எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, சூடான ஒத்தணம், பத்துப் போடுவது வேண்டாம். மருந்துத் தைலம் மெல்லத் தடவுவதால் பெரிய தீங்கில்லை, நன்மையும் இல்லை. அழுத்தித் தேய்த்தால் நோவு கூடும்.

குளிசை விஷயத்தில் நமது ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. உலகமெங்கும் இந்த நோவுக்கு முதலில் கொடுப்பது இபுபுரோஃபென், நப்ரொக்சென் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள். அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் உங்களுக்குக் காய்ச்சலும் இருந்தால், மழைக்காலமும் என்றால், டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும் வரை அவற்றைத் தொடாதீர்கள். டெங்குவில் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அஸ்பிரின் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டும். அதுவரை பெரசிட்டமோல், நமது வழக்கில் பனடோல், அளவோடு. காய்ச்சல் இல்லாவிட்டாலும் இரைப்பைப் புண், சிறுநீரக நோய், குடல் அழற்சி நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வகைக் குளிசைகளைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சாப்பிடலாம் என்று வைத்தியர் சொன்னால் வெறும் வயிற்றில் வேண்டாம். சிறுவருக்கு அஸ்பிரின் எந்த நிலையிலும் தரவேண்டாம்.

படி 5: எங்கே போவது

முதலில் உங்களைத் தெரிந்த குடும்ப வைத்தியர். நல்ல வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஒரு டிஸ்பென்சரியில் குளிசை தந்தால் அதன் பெயரை உறையில் எழுதித் தரும்படி கேளுங்கள். "டொக்டர், இதில் ஸ்டீரொய்ட் இருக்கா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எழுதித் தர மறுத்தால் அந்த உறையைப் பிரிக்காமல் வேறிடம் போவதுதான் புத்தி.

அரச வைத்தியசாலை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் ஓபிடியில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட. சிறுவர் என்றால் பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. காசநோய்ச் சந்தேகம் வந்தால் மருதானை டீன்ஸ் வீதியில் உள்ள மத்திய மார்பு சிகிச்சை நிலையம். கர்ப்பிணிகள் தங்கள் பகுதி மருத்துவமாதுவிடமும் சொல்லி வையுங்கள்.

தனியாரில் சனல் பண்ணுவதென்றால் தோல் நிபுணரிடம் போகலாம், தவறில்லை. இருமல், மூட்டு வீக்கம், வயிற்றுப் பிரச்சினை இருந்தால் பொது வைத்திய நிபுணர் நல்ல தொடக்கம். பத்து நிமிடம் கூடக் கிடைக்காது, அதனால்தான் படி 3-ல் எழுதிய தாள். சிங்களத்தில் விளக்கமாகச் சொல்லத் தடுமாறுபவர்களுக்கு அந்தத் தாள் இன்னும் உதவும். திகதிகளும் குளிசைப் பெயர்களும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. குளிசை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.

படி 6: எந்தச் சோதனை, எதற்காக

ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. வேறெதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள். காசநோய்க்கும், உறுப்புகளில் சின்ன அழற்சி முடிச்சுகள் உண்டாகும் சார்கொய்டோசிஸ் என்கிற நோய்க்கும் இதுதான் வாசல். சார்கொய்டோசிஸில் இரண்டு நுரையீரலின் வேர்ப்பகுதியிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கும். அதோடு கால் கட்டியும் கணுக்கால் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் லொஃப்கிரென் நோய்த்தொகுதி என்பார்கள், சுவீடன் மருத்துவர் ஸ்வென் லொஃப்கிரெனின் பெயரால். கேட்கப் பயமாக இருந்தாலும் இது சார்கொய்டோசிஸின் சாதுவான வடிவம், பெரும்பாலானோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். ஆனால் எக்ஸ்ரேயில் காசநோயும் சில நேரம் இதே மாதிரித் தெரியும். நமது நாட்டில் காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே சார்கொய்டோசிஸ் என்று பெயர் வைக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரத்தத்தில் முழு எண்ணிக்கையும், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி சோதனைகளும் பார்ப்பார்கள். ஈஎஸ்ஆர் ஏறியிருப்பதைப் பார்த்து நடுங்க வேண்டாம், இந்த நோயில் அது ஏறுவது இயல்பு, காரணத்தைச் சொல்லாது. தொண்டைக் கிருமிக்கு ஏஎஸ்ஓ சோதனை, அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளப்பது. ஒரு தடவை அளந்ததைவிட இரண்டு முதல் நாலு வாரம் கழித்து மறுபடி அளந்து, ஏறியதா இறங்கியதா என்று பார்த்தால்தான் பொருள் தெளிவாகும். தொண்டையிலிருந்து ஸ்வொப் எடுப்பதும் உண்டு. ஆனால் கட்டி வரும் நேரத்தில் கிருமி போயிருக்கலாம்.

காசநோய்க்கு மண்டூ தோல் சோதனை. முன்கையின் உட்புறத் தோலில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி போய் வீக்கத்தை அளந்து காட்ட வேண்டும். போகாவிட்டால் ஊசி வீண். நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் சின்ன வீக்கம் ஒன்றையும் நிரூபிக்காது. பெரிய வீக்கத்தை, காலில் கட்டிகளும் இருக்கும்போது, பிசிஜியின் தலையில் போட்டுத் தப்ப முடியாது. இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்வார்கள்.

வயிற்றோட்டம் இருந்தால் மலப் பரிசோதனை, தேவையென்றால் கொலனொஸ்கொபி, அதாவது குழாய்க் கமராவால் பெருங்குடலைப் பார்ப்பது. பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை.

பயோப்சி, அதாவது கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது, எல்லாருக்கும் வேண்டியதில்லை. கட்டிகள் எட்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால், உடைந்தால், வழக்கமில்லாத இடங்களில் வந்தால் எடுப்பார்கள். கொழுப்பு வரை ஆழமாக வெட்டி எடுத்தால்தான் பயன், மேலோட்டமான துண்டில் நோய் இருக்கும் படையே வராது.

படி 7: காரணத்துக்கு மருந்து

தொண்டைக் கிருமி என்றால் பெனிசிலின் வகை, ஒவ்வாமை இருந்தால் வேறொன்று. வழக்கமாகப் பத்து நாள். மூன்றாம் நாள் சுகமாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. இந்தக் கிருமியை அரைகுறையாக விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைப் பாதிக்கலாம், அது கால் கட்டியைவிட எவ்வளவோ பெரிய விஷயம்.

காசநோய் என்றால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. அரச சேவையில் முழுதும் இலவசம். வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதிப்பார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபம்பிசின் சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். அதே ரிஃபம்பிசின் கர்ப்பத்தடைக் குளிசையின் பலத்தைக் குறைத்துவிடும் என்பதைத்தான் பலர் சொல்ல மறக்கிறார்கள். வேறு முறை ஒன்றைக் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்.

குளிசைதான் காரணம் என்றால் அதை நிறுத்த வேண்டும். ஆனால் வைத்தியரோடு பேசி, மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். கர்ப்பத்தடைக் குளிசையைத் திடீரென்று விட்டுவிட்டு அடுத்த மாதம் வேறொரு கவலையோடு வருவது நல்லதல்ல. குடல் அழற்சி நோய் என்றால் குடலைச் சரிப்படுத்தும்போது காலும் சரியாகும். இங்கே நோவுக்கு இபுபுரோஃபென் சாப்பிட்டால் குடல் மோசமாகலாம்.

இப்போது ஸ்டீரொய்ட். அது விஷம் என்று சொல்ல வரவில்லை. சார்கொய்டோசிஸ், குடல் அழற்சி, பெஹ்செட் போன்றவற்றில் அதுவே சரியான மருந்தாகலாம். நோவு தாங்க முடியாத அளவுக்குப் போனால் சில நாட்களுக்கு அளவோடு கொடுப்பதும் உண்டு. நான் சண்டை பிடிப்பது நேரத்தைப் பற்றி. எக்ஸ்ரேயும் தொற்றுச் சோதனைகளும் முடிவதற்கு முன்பு ப்ரெட்னிசொலோன் உள்ளே போனால் எதிர்ப்புச் சக்தி தணியும், கட்டிகள் மறையும், மண்டூ வீக்கம் பொய்யாகக் குறையும், மறைந்திருந்த காசநோய் பரவத் தொடங்கும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி மளமளவென்று ஏறும். ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. வைத்தியரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

நோவு இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்குப் பொட்டாசியம் அயொடைட், கொல்கிசின், ஹைட்ரொக்சிகுளோரொக்குயின் போன்றவற்றை நிபுணர்கள் கொடுப்பதுண்டு. இவற்றில் பொட்டாசியம் அயொடைட் தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

படி 8: ஆறும் காலமும் அதற்குப் பிறகும்

ஒரு கட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கும். பழையது மங்கும்போது புதியது முளைக்கும், அதைப் பார்த்து மருந்து பிடிக்கவில்லை என்று வைத்தியரை மாற்ற வேண்டாம். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும், சிலருக்கு எட்டு வாரம். நமது தோலில் பழுப்புக் கறை சில மாதம் நிற்கும். கறையைப் போக்க வெள்ளையாக்கும் கிரீம் பூசாதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத கிரீம்களில் பாதரசமும் ஸ்டீரொய்டும் இருப்பதுண்டு. கறை தானாகவே மங்கும்.

கட்டிகள் போனாலும் திரும்பிப் போக வேண்டிய திகதிகள் உண்டு: ஏஎஸ்ஓ இரண்டாம் தடவை, எக்ஸ்ரேயில் ஏதும் கண்டிருந்தால் மறு எக்ஸ்ரே, சார்கொய்டோசிஸ் என்றால் கண் பரிசோதனை. கால் சுகமானதும் எல்லாரும் தவற விடுவது இவற்றைத்தான். எக்ஸ்ரே படத்தையும் அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.

சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து மறுபடி வரும். தொண்டை நோவு வரும்போதெல்லாம் கட்டியும் வந்தால், அடுத்த தடவை தொண்டை நொந்த அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தபோது கட்டி வந்தவர்கள், கர்ப்பத்தடைக் குளிசை கேட்கப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும். முதல் தடவை காரணம் தெரியாமல் போய், இரண்டாம் தடவை வயிற்று நோவோ இருமலோ சேர்ந்து வந்தால், பழைய அறிக்கைகளில் "ஒன்றுமில்லை" என்றிருந்தாலும் சோதனைகளைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.